பேசும் அஃறிணை

விலங்கும் பறவையும் மக்களைப்போல் எண்ணுவனவாகவும் பேசுவனவாகவும் வழக்காடுவனவாகவும் புனைந்துரைக்கும் மரபு உலகத்து எம்மொழியிலும் உண்டு. அதனைக் காண்டற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து கொல்லத்திற்குச் செல்லும் பெருவழியில் அமைந்த கடையநல்லூரில் நின்று நாற்புறமும் நோக்கினாலே போதும். வடகிழக்கே சங்கரன்கோவில். அத்தலத்தின் வரலாற்றில் சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள், சிவபெருமான் பெரியரோ திருமால் பெரியரோ என்று தம்முள் வாதம் புரிகின்றன. இன்னும் கிழக்கே சென்றால் கழுகுமலை. சடாயுவின் தமையனாகிய சம்பாதி வழிபட்ட மலை என்று அதனைக் கூறுவர். ஊரை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அனுமனுக்குக் கோயில். தெற்கே திருக்குற்றாலம், அம்மலையின் குரங்குகளைத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய பாட்டை அறியாத தமிழ் மாணவர் இரார். ஊரினுள்ளே பள்ளிவாசல்கள், ஆங்கு ஓதப்பெறும் குர்ஆனில் எறும்பின் பெயரால் ஓர் அதிகாரமே உண்டு. பாம்பு சமயவாதம் செய்யும் ஊருக்கும் குரங்கு காதல் செய்யும் மலைக்கும் இடையே கடையநல்லூர் நிற்கின்றது என்று சொல்லலாம்.

விலங்கைப் பேசவைக்கப் புகும் தமிழாசிரியன் முதற்கண் இலக்கணத்தையே எதிர்ப்படுகின்றான். ஆங்கிலத்தில் நரி பேசினாலும் நாவலர் பேசினாலும் வினைச்சொல் ஒருதன்மையதே. தமிழிலோ வினைமுற்றின் ஈறு திணையைக் காட்டியே தீரும். நரி ‘சொன்னது’ என்பதா? ‘சொன்னான்’ என்பதா? பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குக் கதை கூறுங்கால் வழங்குவதுபோல் ‘நரியார் சொன்னார்’ என்பதா? மூன்றும் வழக்கில் உள்ளன. மூன்றும் ஒரு பொருளன அல்ல. ‘சொன்னது’ என்றால் நரி நரியாகவே நின்று பேசுகின்றது. ‘சொன்னான்’ என்றால் நரியின் தோலைப் போர்த்த மனிதன் ஒருவன் பேசுகின்றான். ‘சொன்னார்’ என்றாலோ, அம்மனிதனுக்குச் செய்யும் மரியாதையினூடே ஒரு நகையும் கலந்துவிடுகின்றது.

இச்சிக்கலை நம் இலக்கண ஆசிரியர் அறியாதவர் அல்லர். தொல்காப்பியர் மக்களைச் சுட்டுவதே உயர்திணை என்றார். ஆயினும் அவரே பொருளியலில், துன்பமும் இன்பமும் மிக்கவிடத்துக் கேளாதவற்றைக் கேட்பனபோலவும், உணர்வில்லாதவற்றை உணர்வுடையனபோலவும் வைத்துப் பேசுதற்கு இடந்தந்தார். பவணந்தியாரும் நன்னூற் பொதுவியலில், அஃறிணைப் பொருள்களைக் கேட்பனபோலவும் பேசுவனபோலவும் கூறுதல் உண்டு என்று விதித்தார். இவ்விதியில் ‘போல’ என்னும் சொல்லே உயிர்நாடி என்பது எம் கருத்து. பேசுவது போலக் கூறலாம், பேசியதாக நம்பிவிடலாகாது.

இன்னும் ஒரு செய்தி. மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்தவிடத்து, மனமாகிய ஆறாம் அறிவு மக்கட்கு உரியது என்பது யாவரும் அறிந்தது. விலங்குகளுள் ஒருசாரனவும் அவ்வறிவு உடையன என்று இளம்பூரணர் பாடத்தில் ஒரு நூற்பா உண்டு; கிளி, குரங்கு, யானை ஆகியவற்றை உரைகாரர் அதற்குக் காட்டுவர். எனவே திணைகளுக்கு இடையே நட்ட வேலியில், நட்ட அந்நாளிலேயே ஒரு திட்டிவாயிலும் வைக்கப்பட்டது எனலாம்.

அவ்வாயில் இருபுறமும் திறப்பது. உவப்பினாலும் சிறப்பினாலும் வெகுளியினாலும் இழிப்பினாலும் திணை மயங்கலாம் என்பது நன்னூல். பசுவைக் கண்டு ‘என் அம்மை வந்தாள்’ என்பான் உவப்பினால் அதனை உயர்திணை ஆக்குகின்றான். மனிதனைக் கண்டு ‘இந்த நாய் எங்கே வந்தது?’ என்பான் இழிப்பினால் அவனை அஃறிணை ஆக்குகின்றான். பின்னையதற்கு இலக்கணம் கற்க வேண்டுவதில்லை. தெருவில் நின்றாலே கேட்கலாம்.

முன்னையதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று உண்டு. கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அரிசியைத் தேடி வீடுகளை உடைத்துவந்த காட்டு யானை ஒன்றை மக்கள் ‘அரிக்கொம்பன்’ என்று அழைத்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அதனைப் பிடித்துப் பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தில் விட்டனர். அது கம்பம் நகருக்குள் வந்துவிடவே, சூன் மாதத்தில் தமிழ்நாட்டு வனத்துறையினர் மீண்டும் பிடித்து, நம் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் கோதையாற்று மேல்காட்டில் விட்டனர். அந்நாட்களில் அந்த யானை ‘வந்தது’ என்று சொன்னவர் சிலர். ‘வந்தான்’ என்றவரே பலர். ஒருசாரார்க்கு அவன் கொலைஞன். ஒருசாரார்க்கு ஊர் இழந்த ஏழை. இருவரும் அதனை மனிதனாக்கியே பேசினர். பெயரிட்டவுடனே குற்றமும் இரக்கமும் அதன்மேல் ஏறின. கடையநல்லூர், வடகரை, மேக்கரை முதலிய மலையடிவாரத் தோட்டங்களில் யானைகள் புகுந்து வாழையையும் தென்னையையும் சாய்க்குந்தோறும் செய்தித்தாள்கள் ‘அட்டகாசம்’ என்று எழுதுகின்றன. அட்டகாசம் என்பது செருக்கினால் நகைக்கும் பெருநகை. பசித்து வந்த யானை யாரைப் பார்த்து நகைத்தது என்று யாம் அறியோம். வாழைக்குக் கடன்பட்ட உழவர்க்கோ அச்சொல் மிகையாகத் தோன்றாது, அதனையும் மறுத்தற்கில்லை.

இனி, விலங்கைப் பேசவையாமலே அதனிடம் மக்கட்பண்பு காணும் முறை ஒன்று நம் இலக்கியத்தில் உண்டு. பேச்சினும் இது நுட்பமானது. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகைப் பாட்டு ஒன்றில், பிரிந்து சென்ற தலைவன், தான் செல்லும் காட்டைப்பற்றி முன்னரே உரைத்த செய்திகளைத் தலைவி நினைவுகூர்கின்றாள். கன்று கலக்கிய சிறிதளவு நீரையும் பிடிக்கு முன் ஊட்டிப் பின்னரே களிறு உண்ணும். வாடிய பேட்டுக்கு ஆண்புறா தன் சிறகால் விசிறும். வெயிலில் நிற்கும் மானுக்குக் கலை தன் நிழலைக் கொடுக்கும். இக்காட்சிகளைக் காணும் தலைவன் திரும்பிவாராதிரான் என்பது அவள் துணிபு. களிறு ஒரு சொல்லும் பேசவில்லை. கன்று கலக்கிய நீர், பாலைநிலத்து வெயில் ஆகியவை யாவும் யானைக்கும் மானுக்கும் உரியனவே. ஆயினும் அங்கே ஓர் இல்லறம் நடக்கின்றது. அக்காட்டு விலங்குகளைப் பார்த்து நாணவேண்டியவன் ஆறறிவுடைய தலைவன் ஒருவனே.

குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளம் கூறுமிடத்து, ஆண்குரங்குகள் மந்திகளுக்குக் கனிகொடுத்துக் கொஞ்சுவதும் இத்தகையதே. ஐந்தருவிச் சாலையில் நின்று பார்ப்பார்க்குக் குரங்கின் இயல்பு வேறுவகையாகத் தோன்றலாம். கையிலுள்ள கனியைக் கொடுப்பதைவிடப் பிறர் கையிலுள்ளதைப் பறிப்பதே அங்கு மிகுதி. புலவர் கண்ட குரங்கு வேறு, வழிப்போக்கர் கண்ட குரங்கு வேறு என்று விடுவோம்.

பேசும் விலங்குக் கதைகளுக்கெல்லாம் தாயகம் பஞ்சதந்திரம் எனலாம். வடமொழியில் எழுந்த அந்நூல் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்திற்குச் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா என்பார் கையால் அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆயிற்று. கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளே அங்குக் கலீலாவும் திம்னாவும் ஆயின. தமிழ் உரைநடையில் அதனைத் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்து 1826இல் வெளியிட்டார். அக்கதைகளுள் யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது நீல நரியின் கதை. நெசவும் சாயமும் நெடுங்காலம் அறிந்த கடையநல்லூரார்க்கு அக்கதையின் களத்தை விளக்க வேண்டா. பசித்த நரி ஒன்று ஊருக்குள் வர, நாய்கள் துரத்த, அது சாயக்காரன் வீட்டு அவுரித் தொட்டியில் விழுந்து நீலநிறம் ஏறிக் காட்டிற்கு மீள்கின்றது. கண்டறியாத உருவைக் கண்ட விலங்குகள் அஞ்சி அதனை அரசாக்குகின்றன. அது சிங்கத்திற்கும் புலிக்கும் பதவி தந்து, தன் இனத்து நரிகளைத் துரத்திவிடுகின்றது. ஒருநாள் தொலைவில் நரிகள் ஊளையிட, அதுவும் தன்னை மறந்து ஊளையிட, உண்மை வெளிப்பட்டு மாய்கின்றது.

இக்கதைக்கு வழக்கில் ஏறிய நீதி யாது? ‘பிறவிக்குணம் போகாது, எத்தனை சாயம் பூசினாலும் நரி நரிதான்’ என்பதே. வடமொழி நூல் இதற்கு உரைத்த நீதியோ வேறு. தன்னவரைத் துறந்து அயலாரை நெருக்கமாகக் கொள்வோன் கெடுவான் என்பதே அங்குக் கூறப்பட்டது. நரி கெட்டது நரியாய்ப் பிறந்தமையால் அன்று, நரிகளைத் துரத்தினமையால். அதுவும் அந்நூலில் யார் வாய்மொழி? சிங்கமாகிய பிங்கலனுக்கும் எருதாகிய சஞ்சீவகனுக்கும் இடையே இருந்த நட்பைக் குலைக்கும்பொருட்டுத் தமனகன் சொல்லும் கதை அது. நட்பைக் கெடுக்கப் புகுந்த நரி ஒன்று கூறிய கதையை, சொன்னவன் யார் என்பதை மறந்து, நாம் அறநூலாகக் கொண்டுவிட்டோம்.

இது வெறும் ஏட்டுச் செய்தி என்று தள்ளத்தக்கதன்று. கல்லூரிகளில் பயிலும் நம் போல்வாருள், தம் குடியில் முதன்முதலாக அவ்வாயிலை மிதித்தோர் பலர். அவருள் ஒருவர் மேடையேறி நன்கு பேசிவிட்டால், ‘இருக்கட்டும், சாயம் வெளுக்கும் நாள் வரும்’ என்பார் உளர். அவ்வாறு உரைப்போர் நீல நரியின் கதையையே சுருக்கி உரைக்கின்றனர். கதையிலோ சாயம் வெளுக்கவில்லை, ஊளையே காட்டிக்கொடுத்தது. மேலும் வெளுக்காத சாயமும் உலகில் உண்டு. நூலுக்குச் சாயமேற்றுவோர் அதனைக் கெட்டிச்சாயம் என்பர். விலங்கிற்கு மக்கட்பண்பு ஏற்றுதலில் உள்ள இடர் இதுவே என்று யாம் கருதுகின்றோம். முதலில் சூழ்ச்சி என்னும் மனிதக் குற்றத்தை நரிக்குக் கடன் கொடுக்கின்றோம். நரிக்கு அது பிறவிக்குணம் ஆகிவிடுகின்றது. பின்னர் அப்பிறவிக்குணத்தோடு சேர்த்து அக்கடனை ஒரு மனிதனிடமிருந்து வசூலிக்கின்றோம். கொடுக்கும்போது குணம், திரும்பும்போது குலம்.

நரிக்கும் இதனால் நன்மை விளையவில்லை. ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்ந்து, இரண்டும் சேர்ந்து குட்டிகளை வளர்ப்பது நரியின் இயல்பு என்று விலங்கியலார் எழுதியுள்ளனர். பெருங்கடுங்கோ கண்ணில் பட்டிருப்பின் அதற்கும் ஒரு வரி கிடைத்திருக்கும். கதை தந்த புகழோ நரிமுகத்தில் விழித்தால் நன்மை என்றும், நரிக்கொம்பு கையிலிருந்தால் வெற்றி என்றும் வளர்ந்து, இல்லாத கொம்பிற்காக அதன் உயிரையே வாங்குகின்றது. சேலம் மாவட்டத்து வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்து ஊரார் முகத்திற்கு நேரே காட்டி ஓடவிடும் வழக்கத்தை வனத்துறையினர் தடுத்துத் தண்டமும் விதித்து வருகின்றனர்.

பிறவியா செயலா என்னும் இவ்வழக்கைத் தமிழில் நேருக்குநேர் வைத்து விசாரித்த இடம் ஒன்று உண்டு. அது கம்பராமாயணத்து வாலி வதைப் படலம். மறைந்து நின்று எய்த அம்பினால் வீழ்ந்த வாலி, இராமனை வினாமேல் வினாவாகக் கேட்கின்றான். தம்பியின் மனைவியைக் கவர்ந்தனை என்று இராமன் குற்றஞ்சாட்ட, வாலி உரைக்கும் விடை வியப்பிற்குரியது. உங்களுக்கு விதித்ததுபோன்ற மணமுறையும் கற்புநெறியும் எங்களுக்கு நான்முகன் விதிக்கவில்லை, நாங்கள் விலங்குகள், மனம் சென்றவாறு வாழ்வது எங்கள் இயல்பு என்கின்றான். இத்துணைநேரம் நீதி நூல்களை எடுத்துக்காட்டி வழக்காடியவன், குற்றம் தன்மேல் வந்தவுடன் விலங்கின் தோலுக்குள் புகுந்துகொள்கின்றான்!

இராமன் அவனை அங்கே புகவிடவில்லை. நன்றும் தீதும் அறியாது வாழ்வதே விலங்கின் இயல்பு. நீயோ அறநெறி முற்றும் அறிந்தவன் என்பதை நின் சொல்லே காட்டுகின்றது. அறிவு உடம்பைப் பொறுத்ததன்று. முதலையின் வாயில் அகப்பட்டு ஆதிமூலத்தை அழைத்த யானையையும், பிறர்பொருட்டு உயிர் ஈந்த கழுகரசையும் விலங்கென்பார் யார் என்று வினவுகின்றான். எக்குலத்தார்க்கும் உயர்வும் தாழ்வும் அவரவர் செய்கையினால் வருவனவே என்று முடிக்கின்றான். மறைந்து எய்தது முறையோ என்னும் பழைய வழக்கினுள் யாம் ஈண்டுப் புகவில்லை. ஆனால் நீல நரியின் கதைக்கு நேர்மாறான கதை இது என்பது வெளிப்படை. அங்கே விலங்கின் உடம்பு மனிதனைக் கட்டும் கயிறாகின்றது. இங்கே அவ்வுடம்பைக் காட்டித் தப்ப முயன்றவனுக்கும் அக்கயிறு அவிழ்க்கப்படுகின்றது. இலக்கணத்தை நோக்குக. வாலி வந்தான், வாலி சொன்னான் என்று தொடக்கமுதல் கம்பர் உயர்திணை முடிபே தந்து வந்துள்ளார். தன்னை அஃறிணை என்று வாலி வழக்காடும் நேரத்தில், அவன் வழக்கை அவன்மேல் வைத்த வினைமுற்றே மறுத்துவிடுகின்றது. வினைச்சொற்கள் எல்லாம் ஒருதன்மையவாய்க் கிடக்கும் மொழியில் இந்நயம் வாய்ப்பது அரிது.

பிற நாட்டார் இக்கருவியைக் கொண்டு செய்தவற்றை விரிக்கின் பெருகும். ஸ்விப்டு என்பார் 1726இல் அறிவுடைய குதிரைகளையும் அறிவற்ற மனித உருக்களையும் எதிரெதிரே நிறுத்தினார். கிப்ளிங்கு 1894இல் நம் நாட்டுக் காட்டையே களமாக்கினார். ஆர்வெல் 1945இல் விலங்குப் பண்ணை ஒன்றில் ஒரு புரட்சி கெட்டுப்போன வரலாற்றைக் காட்டினார். பின்னவர் இருவரும் இந்திய மண்ணிற் பிறந்தவர் என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஆர்வெலுக்கு முன்னரே எட்டயபுரத்துப் பாரதியார் ‘காக்காய்ப் பார்லிமெண்ட்’ என்று ஒன்று எழுதிக் காக்கைகளின் சபையில் மனித அரசியலை நகையாடிவிட்டார். அதில் காக்கை காக்கையாகவே கரைவதும் கேட்கின்றது. அதுவே அதன் சுவை.

பேசினும் தன் இயல்பு திரியாத விலங்கு என்றால், சமய நூல்களில் எமக்கு இரண்டு நினைவுக்கு வருகின்றன. ஒன்று, முன்னர்க் குறித்த குர்ஆனின் எறும்பு. சுலைமான் நபியின் பெரும்படை பள்ளத்தாக்கின்வழி வருங்கால், ஓர் எறும்பு தன் இனத்தாரை விளித்து, உங்கள் புற்றுகளுக்குள் புகுந்துகொள்ளுங்கள், அவர்கள் அறியாமலே உங்களை மிதித்துவிடக்கூடும் என்கின்றது. அவர் அச்சொல்லைக் கேட்டு முறுவலிக்கின்றார். எறும்பு அரசியலோ தத்துவமோ பேசவில்லை. எறும்புக்கு உரிய அச்சம் ஒன்றையே பேசுகின்றது. ஆயினும் ‘அறியாமலே’ என்னும் ஒரு சொல்லால் தன்னை மிதிக்கவரும் படையையும் குற்றத்தினின்று விலக்கிவிடுகின்றது. அச்சுலைமானே நம் வேதாகமத்துச் சாலொமோன். சோம்பேறியை எறும்பினிடத்தில் பாடங்கேட்க அனுப்பிய நீதிமொழியும் அவர் பெயரால் வழங்குவதே.

மற்றொன்று, எண்ணாகமத்தில் வரும் பிலேயாமின் கழுதை. வேதாகமம் முழுவதிலும் வாய்திறந்து பேசும் விலங்குகள் இரண்டே: ஏதேனின் சர்ப்பமும் இக்கழுதையும். முன்னது பேசியதனால் விளைந்த கேட்டைப் பலரும் பிரசங்கித்துள்ளனர். பின்னது பேசியதைப் பற்றிக் கேட்டது குறைவு. வழியில் பட்டயம் உருவி நிற்கும் தூதனைக் கழுதை காண்கின்றது, ஞானதிருஷ்டிக்காரன் காணவில்லை. அது விலகுகின்றது, சுவரோடு ஒதுங்குகின்றது, படுத்துவிடுகின்றது, மூன்றுமுறையும் அடிபடுகின்றது. அதன் வாய் திறக்கப்பட்டபோது அது என்ன பேசிற்று? தூதனைக் கண்டதாகவும் சொல்லவில்லை. உயிரைக் காத்ததாகவும் சொல்லவில்லை. என்னை ஏன் அடித்தீர் என்கின்றது. இத்தனை காலம் நீர் ஏறிவந்த கழுதை அல்லவா நான், இதற்குமுன் இப்படிச் செய்ததுண்டா என்கின்றது. தமிழ் மொழிபெயர்ப்பில் அது தன் எசமானனை ‘நீர்’ என்று அழைக்கின்றது. அவன் அதனை ‘நீ’ என்கின்றான். அதன் பேச்சுக்கு முடிபு ‘என்றது’. அவன் பேச்சுக்கு ‘என்றான்’. திணை அணுவளவும் மயங்கவில்லை. கழுதை தான் கழுதை என்பதையே தன் வழக்கிற்குச் சான்றாக வைத்துப் பேசுகின்றது. அதன் வினாவிற்கு அவனால் கூறமுடிந்த விடை ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லே. அதன்பின் அவன் கண் திறக்கப்படுகின்றது. தூதனும் முதலில் அவனைக் கேட்டது கழுதையை மூன்றுதரம் அடித்தது ஏன் என்பதே. கழுதை பின்னர் ஒரு சொல்லும் பேசிற்றில்லை.